பயிற்றப்பட்ட ஆசிரியர் மயில்வாகனன்

சுவாமி விபுலானந்தர் என்றதும் நமது நினைவுக்கு வருவது என்ன? முத்தமிழ் வித்தகர், யாழ் நூல் தந்த பேரறிஞர், பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு அமைந்த முதற் பேராசிரியர். தமிழ்த்தினப் போட்டிக்காக ஒரு தடவையாவது பேச்சு மனனம் செய்த எவருக்கும் இந்த அடைமொழிகள் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்னதாக அவர் பெற்ற ஒரு தகைமையைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. இருபது வயதில், கொழும்பில் படித்து அவர் பெற்ற அந்தத் தகைமை 'பயிற்றப்பட்ட ஆசிரியர்' என்பதாகும்.

ஒரு மாணவி பல்கலைக்கழகம் புகுந்தால் அவளுடைய கெட்டித்தனத்தைப் பாராட்டுகிறோம். உம்மா வாப்பாவின் துஆவையும் செலவையும் நினைவு கூருகிறோம். எந்த ரியூஷன் வகுப்புக்குப் போனாள் என்றும் விசாரிக்கிறோம். அவளுக்குப் படிப்பித்தவர் எவ்வாறு ஓர் ஆசிரியராக உருவாக்கப்பட்டார் என்ற கேள்வியை மட்டும் எவரும் கேட்பதில்லை. மாணவரின் உயர்கல்வி அந்தக் கேள்வியில்தான் பெருமளவு தங்கியிருக்கிறது என்பதற்கு அடிகளாரின் வாழ்க்கையை விடச் சிறந்த சான்று நமது பிரதேசத்தில் இல்லை. ஆகவே அவரது தமிழ்த் தொண்டைப் பற்றி ஏராளமானோர் எழுதிய பின்னரும், அவரை ஓர் ஆசிரியராகப் பார்த்து இக்கட்டுரையை எழுதத் துணிகிறேன்.

காரைதீவில் ஒரு மாணவன்

வடக்கே மாளிகைக்காடும் சாய்ந்தமருதும், தெற்கே நிந்தவூரும் அமைய, நடுவே கடலோரமாக இருக்கும் ஊர் காரைதீவு. இன்று அது அம்பாறை மாவட்டத்தில் இருந்தாலும், 1961 ஆம் ஆண்டுவரை அப்பகுதி முழுவதும் மட்டக்களப்பு மாவட்டமாகவே இருந்தது. அவ்வூரில் சாமித்தம்பி, கண்ணம்மை தம்பதியருக்கு 1892 மார்ச் 27 ஆம் திகதி மகனாகப் பிறந்தவர் மயில்வாகனன்.

ஊர்ப் பள்ளியில் எழுத்தறிந்த அவர் கல்முனையில் மெதடிஸ்த பாடசாலையில் சேர்ந்து ஆங்கிலம் படிக்கத் தொடங்கினார். பின்னர் மட்டக்களப்பு நகருக்குச் சென்று மெதடிஸ்த மத்திய கல்லூரியிலும், அதன்பின் இயேசு சபைத் துறவியர் நடத்திய புனித மிக்கேல் கல்லூரியிலும் கற்றார். பதினாறாவது வயதில், 1908 இல், கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் சித்தியடைந்தார். கணிதம் அவருக்கு மிகவும் பிடித்த பாடம். தமிழையோ அவர் வீட்டிலும் பெரியவர்களிடமும் தனியாகக் கற்று வந்தார்.

அந்தக் காலத்தை நாம் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். இலங்கையில் அப்போது பல்கலைக்கழகம் இல்லை. மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குப் புகையிரதமும் இல்லை. கேம்பிரிட்ஜ் சீனியர் சித்தியடைந்த ஓர் இளைஞன் கச்சேரியில் எழுதுவினைஞராக அமர்ந்து குடும்பத்தைக் கரை சேர்த்தால் அதுவே பெரும் பேறு. மயில்வாகனனோ கற்பித்தலைத் தெரிவு செய்தார். தான் படித்த புனித மிக்கேல் கல்லூரியிலும் கல்முனையில் கத்தோலிக்க பாடசாலையிலும் சில காலம் ஆசிரியராகப் பணி செய்தார். கெட்டிக்காரர், கணிதத்தில் வல்லவர், ஆங்கிலமும் தமிழும் அறிந்தவர். இத்தனை இருந்தும் அவர் அத்துடன் நின்றுவிடவில்லை. கற்பிப்பது எப்படி என்பதையும் கற்க வேண்டும் என்று புறப்பட்டார்.

கொழும்பு ஆசிரியர் கலாசாலை

1911 இல் கொழும்பிலிருந்த அரசாங்க ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில் அவர் சேர்ந்தார். 1912 இல் பயிற்றப்பட்ட ஆசிரியராக வெளியேறினார். அவரது வரலாற்றைக் கூறும் நூல்கள் பெரும்பாலும் இதனை ஒரே வசனத்தில் சொல்லிவிட்டுக் கடந்து விடுகின்றன. நான் அந்த ஒரு வசனத்தில் சற்று நிற்க விரும்புகிறேன்.

ஒரு பாடத்தை அறிந்திருப்பது ஒன்று. அதனை இன்னொருவரின் அறிவில் ஏற்றுவது வேறொன்று. நீந்தத் தெரிந்த எல்லோராலும் நீச்சல் பழக்கிவிட முடியாது. எந்த இடத்தில் பிள்ளை தடுமாறும், எந்த உதாரணம் அவளுக்கு விளங்கும், எதை முதலில் சொல்ல வேண்டும், எதைப் பின்னால் வைக்க வேண்டும், விளங்கியதா என்பதை எப்படிச் சோதித்தறிவது என்பவற்றையெல்லாம் ஒழுங்காகப் பழக்குவதே ஆசிரியர் பயிற்சி. பாடக்குறிப்பு எழுதுவதும், அனுபவமுள்ள ஆசிரியர் பின்வாங்கில் இருந்து பார்க்க வகுப்பு நடத்துவதும், பின்னர் குறை நிறைகளைக் கேட்டறிவதும் அதன் பகுதிகள்.

உலகம் இந்த உண்மையை மெல்ல மெல்லத்தான் உணர்ந்தது. பிரெஞ்சுப் புரட்சியின்போது 1794 இல் ஆசிரியர்களை உருவாக்குவதற்கென்றே ஒரு கலாசாலை அமைக்க அந்நாடு சட்டம் செய்தது. ஜப்பான் நவீன நாடாக எழ முயன்றபோது 1872 ஆம் ஆண்டிலேயே தோக்கியோவில் ஓர் ஆசிரியர் கலாசாலையைத் திறந்தது. இன்று கல்வியில் முன்னுதாரணமாகக் காட்டப்படும் பின்லாந்தில் முதலாம் வகுப்புக்குப் படிப்பிக்கும் ஆசிரியரும் முதுமாணிப் பட்டம் பெற்றிருக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்குத்தானே, யாரும் படிப்பிக்கலாம் என்று அந்நாட்டவர் நினைப்பதில்லை.

பயிற்சி முடித்த மயில்வாகனனார் மீண்டும் புனித மிக்கேல் கல்லூரிக்கே ஆசிரியராக வந்தார். கொழும்பிலிருந்த காலத்தில் அவருக்கு இன்னொரு நன்மையும் கிடைத்திருந்தது. அங்கிருந்த தமிழறிஞர்களின் தொடர்பால் பழந்தமிழ் இலக்கியங்களை முறையாகக் கற்க வழி பிறந்தது. ஆசிரியர் கலாசாலை அவருக்கு ஒரு சான்றிதழோடு, தொடர்ந்து கற்கும் ஒரு பழக்கத்தையும் கொடுத்தனுப்பியது என்றே கருதுகிறேன். அடுத்து வந்த வருடங்களைப் பார்த்தால் இது விளங்கும்.

கற்பித்துக்கொண்டே கற்றவர்

1915 இல் அவர் மறுபடியும் கொழும்பு சென்று அரசாங்க தொழினுட்பக் கல்லூரியில் மாணவராகச் சேர்ந்தார். 1916 இல் விஞ்ஞானத்தில் டிப்ளோமா பெற்றார். அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கம் நடத்திய பண்டிதர் பரீட்சையிலும் சித்தியடைந்தார். இலங்கையிலிருந்து அப்பரீட்சையில் தேறிய முதலாமவர் அவரே. ஒரே ஆண்டில் ஒரு கையில் இரசாயனமும் பௌதிகமும், மறு கையில் தொல்காப்பியமும் சங்க இலக்கியமும்! விஞ்ஞானம் படிப்பவருக்குத் தமிழ் எதற்கு, கலைப்பிரிவுக்காரருக்குக் கணிதம் எதற்கு என்று இன்று நாம் இரண்டு வரிசையாகப் பிரிந்து நிற்கிறோம். இருபத்து நான்கு வயதில் அந்தச் சுவரை அவர் தாண்டியிருந்தார்.

1917 இல் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரி அவரை விஞ்ஞான ஆசிரியராக அழைத்துக்கொண்டது. அங்கு கற்பித்த காலத்திலேயே இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டப் பரீட்சைக்கும் படித்துத் தேறினார். பகலில் வகுப்பு, இரவில் சொந்தப் படிப்பு. பின்னர் மானிப்பாய் இந்துக் கல்லூரி அவரைத் தனது அதிபராக்கிக் கொண்டது.

இந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் ஆசிரியர், பின்னர் பயிற்சி, பின்னர் டிப்ளோமா, பின்னர் பண்டிதர், பின்னர் பட்டதாரி, பின்னர் அதிபர். ஒவ்வொரு படியிலும் அவர் பெற்ற அறிவு அடுத்த வகுப்பறைக்குப் போய்ச் சேர்ந்தது. விஞ்ஞானம் கற்ற ஆசிரியர் இல்லாத இடத்தில் எந்தப் பிள்ளையும் விஞ்ஞானத்தில் உயர்கல்விக்குப் போக முடியாது. அந்தப் பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும் சரிதான். ஆசிரியர் ஒரு படி ஏறும்போது அவருக்கு முன்னால் இருக்கும் முழு வகுப்பும் ஏறத்தக்க உயரம் ஒரு படி கூடுகிறது.

துறவு பூண்டும் துறக்காத வகுப்பறை

1922 இல் அவர் வாழ்க்கையில் பெரும் திருப்பம் ஏற்பட்டது. அதிபர் பதவியை விட்டுச் சென்னை மயிலாப்பூரில் இருந்த இராமகிருஷ்ண மடத்திற்குச் சென்றார். 1924 இல் முழுமையான துறவியாகி சுவாமி விபுலானந்தர் என்ற பெயரைப் பெற்றார். வீட்டைத் துறந்தார், பதவியைத் துறந்தார், பெற்றோர் இட்ட பெயரையும் துறந்தார். வகுப்பறையை மட்டும் துறக்கவில்லை. அடுத்த ஆண்டு இலங்கை திரும்பியதும் இராமகிருஷ்ண மிஷனின் பாடசாலைகளைக் கவனிக்கும் பொறுப்பை ஏற்றார். யாழ்ப்பாணம், திருகோணமலை, மட்டக்களப்பு என மூன்று திசைகளிலும் அலைந்து பாடசாலைகளை நடத்தினார்.

1929 இல் மட்டக்களப்பு கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயம் உருவாயிற்று. தனக்குத் துறவறம் வழங்கிய குருவின் பெயரையே அதற்குச் சூட்டினார். வாவிக்கும் கடலுக்கும் நடுவே உள்ள அந்த மணல் நிலத்தில் இன்றும் அக்கல்லூரி நிற்கிறது. அடிகளார் பேசிய கல்வியிலும் நடத்திய கல்வியிலும் சாதி, மத பேதம் இருக்கவில்லை. ஏழைப் பிள்ளைகளும் பெற்றோரற்ற பிள்ளைகளும் தங்கிப் படிக்க வேண்டும் என்பதில் அவர் விசேட அக்கறை கொண்டிருந்தார்.

சேவை மனப்பான்மையைப் பற்றி எல்லோரும் பேசுவர். அடிகளாரின் சேவைக்குப் பின்னால் தொழிற்றிறன் இருந்தது என்பதே நான் சொல்ல விரும்புவது. ஒரு பாடசாலைக்குக் கட்டடமும் காணியும் மட்டும் போதாது. எந்த ஆசிரியரை எந்த வகுப்புக்கு விடுவது, நேரசூசியை எப்படிப் போடுவது, பின்தங்கிய பிள்ளையை என்ன செய்வது என்பது தெரிந்த ஒருவர் தேவை. அவர் அதனைப் பயின்று, பல பாடசாலைகளில் செய்து பார்த்து வந்தவர்.

முதற் பேராசிரியர்

1931 இல் தமிழ்நாட்டின் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரைத் தமிழ்ப் பேராசிரியராக அழைத்தது. அப்பல்கலைக்கழகத்தின் முதற் தமிழ்ப் பேராசிரியர் அவரே. இருபது வருடங்களுக்கு முன் ஆசிரியர் கலாசாலை வாசலில் நின்ற காரைதீவு இளைஞன் இப்போது பல்கலைக்கழக விரிவுரை மண்டபத்தில் நின்றார். பகலில் பல்கலைக்கழகத்தில் விரிவுரை ஆற்றிய அவர், ஓய்வு நேரத்தில் அருகிலுள்ள திருவேட்களத்தில் தாழ்த்தப்பட்ட மக்களின் குடியிருப்புக்குச் சென்று அங்குள்ள பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார். பேராசிரியருக்கு அரிச்சுவடி கற்பிப்பது கௌரவக் குறைவாகத் தெரியவில்லை. எந்த மட்டத்தில் இருக்கும் மாணவரையும் அந்த மட்டத்துக்கே இறங்கிச் சென்று கைபிடித்துத் தூக்குவது தான் நல்லாசிரியரின் அடையாளம்.

விஞ்ஞானத்தைத் தமிழில் கற்பிக்க வேண்டுமானால் சொற்கள் வேண்டும். ஒட்சிசன், அமிலம், விசை, வேகம் என்று நாம் இன்று சரளமாகச் சொல்லும் கலைச்சொற்கள் தாமாக முளைத்தவையல்ல. யாரோ பலர் ஒன்றுகூடி இருந்து ஆராய்ந்து ஆக்கியவை. 1930 களில் சென்னையில் கலைச்சொல்லாக்க முயற்சி நடந்தபோது, தமிழ்ப் பண்டிதராகவும் விஞ்ஞானப் பட்டதாரியாகவும் இருந்த அடிகளார் அதில் தலைமைப் பங்கு எடுத்தார். 1936 இல் கூடிய கலைச்சொல் மாநாட்டுக்கு அவரே தலைமை வகித்தார். அதன் பலனாகப் பல பாடங்களுக்குரிய சொற்கள் தொகுக்கப்பட்டு 1938 இல் நூலாக வெளிவந்தன. வகுப்பில் நின்று விஞ்ஞானம் படிப்பித்த ஒருவருக்குத்தான் எந்தச் சொல் பிள்ளையின் நாவில் புரளும், எந்தச் சொல் தொண்டையில் சிக்கும் என்பது தெரியும். பின்னாளில் நமது நாட்டில் உயர்தரம் வரை விஞ்ஞானத்தைத் தமிழில் படிக்க முடிந்ததற்கு இத்தகைய முன்னோடிகளின் உழைப்பும் ஒரு படிக்கல்லாகும்.

1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியது. அடுத்த ஆண்டு, 1943 இல், அதன் முதற் தமிழ்ப் பேராசிரியராகச் சுவாமி விபுலானந்தர் பொறுப்பேற்றார். இரண்டு நாடுகளின் பல்கலைக்கழகங்களில் தமிழ்த்துறையை முதன்முதல் வழிநடத்தும் பேறு இவ்வாறு அவருக்கு வாய்த்தது. அவரிடம் அங்கு பயின்றவர்களில் ஒருவர் சு. வித்தியானந்தன். அவர் பின்னர் தமிழ்ப் பேராசிரியராகி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முதலாவது துணைவேந்தராகவும் உயர்ந்தார். கிராமம் கிராமமாகச் சென்று நாட்டுக்கூத்துக்கு மறுவாழ்வு கொடுத்தவரும் அவர்தான். ஓர் ஆசிரியரின் வெற்றியை அவர் பெற்ற பட்டங்களைக் கொண்டு மட்டும் அளக்கக் கூடாது; அவருடைய மாணவர் எங்கே போய் நின்றார் என்பதையும் கொண்டு அளக்க வேண்டும்.

முஸ்லிம் சமூகத்தின் நண்பர்

அடிகளாரின் வரலாற்றில் நமது சமூகத்துக்கு நெருக்கமான ஒரு பக்கமும் உண்டு. இரண்டாம் உலக யுத்த காலத்தில், 1942 இல், கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக வந்தவர் ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்கள். இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதலாவது முஸ்லிம் அவர். சிறு வயதில் யாழ்ப்பாணத்தில் இராமகிருஷ்ண மிஷனின் வைத்தீஸ்வர வித்தியாலயத்தில் படித்தவர். கல்முனையில் பணியாற்றிய நாட்களில் அவருக்கு விபுலானந்த அடிகளாரின் நட்பும், காத்தான்குடிக் கவிஞர் அப்துல் காதர் லெப்பை அவர்களின் நட்பும் கிடைத்தன.

வயல்களும் வாவியும் நிறைந்த இந்தப் பகுதியில் முஸ்லிம் பிள்ளைகள் உயர்கல்வியில் எவ்வளவு பின்தங்கியிருக்கிறார்கள் என்பதை அஸீஸ் அவர்கள் நேரில் கண்டது அக்காலத்தில்தான். வறுமையால் படிப்பு நின்றுவிடக் கூடாது என்பதற்காக 1945 இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியை அவர் தொடக்கி வைத்தார். 1948 இல் சிவில் சேவைப் பதவியையே விட்டுவிட்டுக் கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபரானார். அரசாங்கத்தின் உயர்ந்த உத்தியோகத்தை விட ஒரு பாடசாலையின் அதிபர் கதிரை பெரியது என்று அவர் எண்ணினார். ஒரு துறவியும் ஒரு முஸ்லிம் சிவில் அதிகாரியும் இந்தக் கிழக்கு மண்ணில் நண்பர்களாகிப் பழகினார்கள் என்பது, கல்வி எப்படிச் சமூகங்களுக்கிடையே பாலம் ஆகும் என்பதற்கு நல்ல உதாரணம்.

யாழும் கணிதமும்

அடிகளாரின் இறுதிப் பெரும் படைப்பு யாழ் நூல். பண்டைத் தமிழர் மீட்டிய யாழ் என்னும் இசைக்கருவி பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வழக்கொழிந்து போயிற்று. ஏழு நரம்புள்ள செங்கோட்டி யாழ், பதினான்கு நரம்புள்ள சகோட யாழ், இருபத்தொரு நரம்புள்ள பேரியாழ் என்று பெயர்கள் மட்டுமே ஏட்டில் எஞ்சியிருந்தன. சிலப்பதிகாரத்திலும் அதன் உரைகளிலும் கிடைத்த குறிப்புகளை வைத்து அந்த இசையை அவர் மீட்டெடுக்க முயன்றார். அதற்கு இலக்கிய அறிவு மட்டும் போதவில்லை. நரம்பின் நீளத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பைக் கணக்கிடப் பௌதிகம் வேண்டியிருந்தது. சுரங்களின் இடைவெளியை அளக்க விகிதக் கணக்கு வேண்டியிருந்தது. தொழினுட்பக் கல்லூரியில் பெற்ற விஞ்ஞானமும் மதுரைச் சங்கத்தில் பெற்ற பாண்டித்தியமும் இங்கேதான் கைகோத்தன. பூரணை இரவில் கல்லடிப் பாலத்தடியில் கேட்கும் வாவியின் இசையைப் பற்றியும் கவிதை பாடிய அவருக்கு, ஒலி என்பது ஆராய்ச்சிப் பொருளாகவும் அழகுப் பொருளாகவும் இருந்தது.

பல வருட உழைப்பின் பின்னர் 1947 ஜூன் மாதத்தில் தஞ்சை மாவட்டத்துத் திருக்கொள்ளம்பூதூரில் அறிஞர்கள் முன்னிலையில் யாழ் நூல் அரங்கேறியது. ஒரு மாதம் சற்றுக் கடந்து, 1947 ஜூலை 19 ஆம் திகதி, ஐம்பத்தைந்தாவது வயதில் அடிகளார் கொழும்பில் காலமானார். அவரது உடல் மட்டக்களப்புக்குக் கொண்டுவரப்பட்டு, அவர் உருவாக்கிய சிவானந்த வித்தியாலய வளவிலேயே அடக்கம் செய்யப்பட்டது. காரைதீவில் அவர் பெயரால் ஒரு மத்திய கல்லூரியும், கல்லடியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும் இன்று இயங்குகின்றன.

நமக்கு என்ன பாடம்?

இந்த வரலாறு பழங்கதையாகத் தோன்றலாம். ஆனால் இன்றும் நம் மத்தியில் அதே பிரச்சினை வேறு வடிவில் இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு பாடசாலையில் சாதாரண தர வகுப்புக்குச் சில மாதங்கள் கணிதத்துக்கு ஆசிரியரே இருக்கவில்லை. பிறகு வந்தவர் பாடத்தில் மிகவும் கெட்டிக்காரர். ஆனால் கற்பித்தலில் எந்தப் பயிற்சியும் பெறாதவர். கரும்பலகை நிறைய எழுதுவார், அழிப்பார், மறுபடியும் எழுதுவார். முன்வாங்கில் இருந்த நான்கு பேருக்கு விளங்கியது. மீதிப் பேர் பார்த்து எழுதினோம். அடுத்த வருடம் கல்வியியற் கல்லூரியில் பயிற்சி முடித்த ஓர் ஆசிரியை வந்தார். காகிதத்தை மடித்தும் வெட்டியும் பின்னத்தை விளக்கினார். விளங்காதவள் எந்த இடத்தில் வழி தவறினாள் என்று கொப்பியைப் பார்த்தே கண்டுபிடித்தார். ஆனால் பரீட்சைக்கு மிகக் குறைந்த காலமே இருந்தது. சித்தியடைந்தோம், எனினும் உயர்தரத்தில் கணிதப் பிரிவைப் பற்றி நினைத்துப் பார்க்கும் துணிவு எங்களில் பலருக்கு வரவில்லை. பல்கலைக்கழகக் கதவு உயர்தரப் பரீட்சையில் மூடப்படுவதாக நாம் நினைக்கிறோம். பலருக்கு அது எட்டாம், ஒன்பதாம் வகுப்பிலேயே ஓசையில்லாமல் மூடிக்கொள்கிறது. இஸட் புள்ளி பின்னால் வந்து அதனை நமக்கு அறிவிக்கிறது, அவ்வளவுதான்.

பயிற்சிச் சான்றிதழ் பெற்ற எல்லோரும் சிறந்த ஆசிரியர் ஆகிவிடுவார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பயிற்சி பெறாமலே அற்புதமாகப் படிப்பிக்கும் ஆசிரியர்களையும் நாம் கண்டிருக்கிறோம். விபுலானந்த அடிகளாரும் 1912 இல் பெற்ற சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு அதே பாடக்குறிப்பை முப்பது வருடம் படித்திருந்தால் நாம் இன்று அவரைப் பற்றி எழுதப் போவதில்லை. அவருக்குப் பயிற்சி என்பது ஆரம்பம், முடிவு அல்ல. ஆனால் அந்த ஆரம்பம் இல்லாமல் விடப்படும் ஆசிரியரும், அவரிடம் விடப்படும் பிள்ளைகளும் படும் சிரமம் பெரிது. அதிர்ஷ்டத்தை நம்பி ஒரு தலைமுறையின் கல்வியை விட முடியாது.

அன்பான பெற்றோரே, உங்கள் பிள்ளையின் பாடசாலையில் எத்தனை பேருக்கு மூன்று ஏ கிடைத்தது என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை. அத்துடன் ஆறாம் வகுப்பில் கணிதமும் விஞ்ஞானமும் யார் படிப்பிக்கிறார்கள், அவர்கள் என்ன பயிற்சி பெற்றவர்கள் என்றும் கேளுங்கள். ஆசிரியர் பயிற்சிக்கோ செயலமர்வுக்கோ போகும் நாட்களில் பாடம் நடக்கவில்லையே என்று குறை கூறுமுன், அவர் கற்றுவரப் போவது உங்கள் பிள்ளைக்காகவே என்பதை நினைத்துக் கொள்ளுங்கள்.

அன்பான தோழிகளே, நமது மாவட்டத்தில் தாழங்குடாவிலும், தெற்கே அட்டாளைச்சேனையிலும் தேசிய கல்வியியற் கல்லூரிகள் இருக்கின்றன. வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. மயில்வாகனன் என்ற இளைஞனுக்கு இவற்றில் ஒன்றும் அருகில் இருக்கவில்லை. ஆயினும் கல்வியியற் கல்லூரி கிடைத்தது என்றால், பல்கலைக்கழகம் கிடைக்கவில்லையா என்று அனுதாபத்துடன் கேட்கும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. பெண் பிள்ளைக்கு ஏற்ற, வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள, பாதி நாள் வேலை என்று சொல்லி அத்தொழிலைச் சிறுமைப்படுத்துவோரும் இருக்கின்றனர். இரண்டு பல்கலைக்கழகங்களின் முதற் பேராசிரியர் தமது பயணத்தை ஓர் ஆசிரியர் கலாசாலையிலிருந்து தொடங்கினார் என்பதை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

நமது நபி (ஸல்) அவர்களுக்கு முதன்முதல் இறங்கிய கட்டளையே ஓதும்படி கூறுவதுதான். தம்மை ஓர் ஆசிரியராகவே இறைவன் அனுப்பினான் என்று அவர்கள் தம்மை அறிமுகப்படுத்தியதாகவும் மார்க்கம் நமக்குச் சொல்லித் தருகிறது. கற்பதும் கற்பிப்பதும் நமக்கு வெறும் தொழில் அல்ல, அமானிதம். நம்மில் யாருக்காவது கணிதம் நன்றாக வருமானால், விஞ்ஞானத்தில் ஆர்வம் இருக்குமானால், ஆசிரியத் தொழிலைக் கடைசித் தெரிவாக வைக்காமல் முதற் தெரிவாக வைப்போம். அப்படிச் செல்பவள் பயிற்சியை முழு மனதோடு பெற்று, அதன் பின்னரும் படிப்பதை நிறுத்தாமல் இருப்பாளானால், அவள் நிற்கப்போகும் வகுப்பறையில் இருந்து எத்தனை பேர் பல்கலைக்கழகம் போவார்கள் என்பதை இன்று யாரால் கணக்கிட முடியும்?

— உயர்தரம், கலைப் பிரிவு